மூலைக்கு மூலை ஒரு கொடிக்கயிறு

பனியில் நனைந்த மண்மேல் சுண்ணாம்புப் பொடி விழும்போது ஒரு வாசனை வரும். புதிதாக வெள்ளையடித்த அறைக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் கூரை இல்லாமல், குளிரோடு, பக்கத்து வீட்டுக் கடுகெண்ணெய்த் தாளிப்பும் கொஞ்சம் கலந்து வரும். அந்தப் பொடியை எங்கள் தெருவில் "சூன்" என்பார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க என் வலது கை விரல்கள் அந்தச் சூன் பட்டு வறண்டு வெடித்துக் கிடந்தன. அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே திட்டுவாள்; நானோ அந்த வெடிப்புகளைப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருத்தியிடமும் நீட்டிக் காட்டிக்கொண்டு திரிந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. அந்தப் பெருமைக்கு வட்டியும் முதலுமாக ஓர் அவமானத்தை வாங்கிக் கொடுத்ததும் அதே சுண்ணாம்புதான்.

கல்கத்தாவில் குளிர் என்பது ஒன்றரை மாதச் சமாச்சாரம். ஆனால் அதற்கு நடக்கும் ஏற்பாடுகளைப் பார்த்தால் பனிமலை இறங்கி ஊருக்குள் வருகிறது என்று நினைக்கத் தோன்றும். காலையில் லேசாகச் சில்லென்று ஒரு காற்று அடித்ததும் எங்கள் டாலிகஞ்ச் தெருவில் பெரிய மனிதர்கள் எல்லாரும் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லாவுக்குள் போய்விடுவார்கள். அதே வாரத்தில் எந்தக் காலி மனையாக இருந்தாலும், புல்லைச் செதுக்கி, இரண்டு மூங்கிலை நட்டு, வலை கட்டி, பாட்மின்டன் கோர்ட் ஆக்கிவிடுவார்கள். ஒவ்வொரு "பாடா"வுக்கும், அதாவது இரண்டு மூன்று தெருக்கள் சேர்ந்த அக்கம்பக்கத்துக்கும், ஒரு கோர்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாடாவுக்கும் இன்னொரு பாடாவுக்கும் பந்தயம். தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்குச் சிங்காடா என்கிற சமோசாவும் புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பும் வாங்கித் தர வேண்டும் என்பது சட்டம்.

அப்பாவுக்கு வங்கியில் வேலை. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி நாங்கள் அங்கே போனபோது எனக்கு எட்டு வயது. நான்கு வருஷத்தில் வங்காள மொழி நன்றாகவே வாயில் புரள ஆரம்பித்துவிட்டது, கடுகெண்ணெய்ச் சமையலும் பழகிவிட்டது, ஒன்றுதான் கிடைக்கவில்லை. வங்காளிகளுக்கு இரண்டு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் ஆபீஸுக்கும் நீளமாக, கம்பீரமாக ஒன்று. வீட்டிலும் தெருவிலும் கூப்பிட "டாக்நாம்" என்று சின்னதாக இன்னொன்று. அந்தச் சின்னப் பெயர் இருந்தால்தான் ஒருவர் பாடாவைச் சேர்ந்தவர் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு என் சிநேகிதிக்கு ஏட்டில் எழுதினால் மூச்சு வாங்குகிற பெயர். தெருவில் அவள் வெறும் மிட்டு. எனக்கு இருந்தது செண்பகவல்லி ஒன்றுதான். அதை அவர்கள் வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, முடியாமல், "மாட்ராஜி வீட்டுப் பெண்", அதாவது மதராஸ்காரர் வீட்டுப் பெண், என்றே கூப்பிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனாலும் விளையாட்டில் பக்கம் பிரிக்கும்போது, "மிட்டு இந்தப் பக்கம், பாப்லு அந்தப் பக்கம், அந்த மாட்ராஜி வீட்டுப் பெண் எங்கேயாவது நிற்கட்டும்" என்று சொன்னால் வலிக்கத்தான் செய்யும். எனக்கு ஒரு டாக்நாம் வேண்டும் என்று நான் முருகனிடம் வேண்டிக்கொண்டது கூட உண்டு.

முருகன் செவிசாய்த்தது கோலத்தின் வழியாக. விடுமுறை நாட்களில் வாசலில் கோலம் போடுவது என் வேலை. அம்மாவுக்கு அதில் ஒரே ஒரு பாடம்தான்: "ஏட்டி, வாசப்படியப் பாத்துப் போடு, தன்னால நேரா வரும்." படியை ஒட்டி முதல் புள்ளி வரிசை, அதற்கு இணையாக அடுத்த வரிசை, அப்புறம் அடுத்தது. ஒரு நாள் காலையில் பால் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்த டுக்குன்தா என் பதினைந்து புள்ளிக் கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். காலேஜில் முதல் வருஷம் படித்த அவன்தான் எங்கள் பாடா அணியின் கேப்டன். டுக்குன் பெயர், "தா" என்றால் அண்ணன். போன வருஷம் கோர்ட்டுக்குக் கோடு போட்டது அவனே; அது மழைக்காலத்து மண்புழு போல நெளிந்து, எதிரணிக்காரர்கள் சிரித்துக்கொண்டே விளையாடிவிட்டுப் போனார்கள்.

"இந்த வருஷம் கோடு நீ போடு," என்றான். "உங்க வீட்டுல தினம் போடுறீங்க. உன் கை தப்பாது."

என் கால் தரையில் படவில்லை. கையில் ஒரு டேப், ஒரு சணல் கயிறு, ஒரு வாளி சூன். காலி மனை எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. வாசலில் நின்றால் காலடியில் சிமெண்டுப் பலகை போட்ட சாக்கடை, அதைத் தாண்டினால் மனை. வலது பக்கத்தில் ஜேட்டு வீட்டு மதில். ஜேட்டு என்றால் பெரியப்பா. அவர் மிட்டுவின் சொந்தப் பெரியப்பா, மற்றபடி தெருவுக்கே பெரியப்பா. பந்தயங்களுக்கு நடுவர் அவர்தான். குரங்குக் குல்லாவோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தகராறு வந்தால், "என்னைக் கேட்காதே, கோட்டைக் கேளு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்தேன். எங்கள் வாசற்படிக்கும் சாக்கடைக்கும் இணையாக இருபதடி அகலக் கோடு. ஜேட்டு வீட்டு மதிலுக்கு இணையாக நாற்பத்து நான்கடி நீளக் கோடு. அப்புறம் எதிர்ப் பக்கங்களுக்கு இவற்றையே பார்த்து இன்னும் இரண்டு. இணை என்றால் இரண்டு கோட்டுக்கு இடையில் எங்கே அளந்தாலும் ஒரே தூரம் இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். ஆகவே ஒவ்வொரு கோட்டையும் மூன்று இடத்தில் அளந்தேன், ஓர் அங்குலம் பிசகவில்லை. சூனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தால், கோடு நூல் பிடித்தது போல ஓடியது. தெருவே மொட்டைமாடியிலிருந்து பார்த்தது. ஜேட்டு கைதட்டினார். மிட்டுவின் அம்மா எனக்கென்று ஒரு கிண்ணத்தில் பாயேஷ், நம் பாயசம்தான், கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு மாதம் அந்தக் கோர்ட்டில் விளையாடினோம். சொர்க்கம்தான், வேறு என்ன சொல்ல. முதல் முதலாக நான் "எங்கேயாவது" நிற்காமல் ஓர் இடத்தில் நின்றேன். மிட்டுவும் நானும் ஜோடி. ஜனவரியில் மூன்றாவது ஞாயிறு, ரயில் லைனுக்கு அந்தப் பக்கத்துப் பாடாவோடு பந்தயம் என்று முடிவாயிற்று. அவர்களிடம் தோற்று மூன்று வருஷமாக நாங்கள் சந்தேஷ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை வாங்கிச் சாப்பிடுவது என்று டுக்குன்தா சபதம் எடுத்திருந்தான்.

அந்த ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை எங்கள் வீட்டு முருகன் படம் ஆணியோடு பெயர்ந்து கீழே விழுந்தது. கண்ணாடி நொறுங்கிவிட்டது, சட்டம் மட்டும் தப்பித்தது. அப்பா கடைக்குப் போய் அளவு சொல்லிப் புதுக் கண்ணாடி வெட்டிக்கொண்டு வந்தார். உட்காரவில்லை. ஒரு மூலையில் இடிக்கிறது, எதிர் மூலையில் இடைவெளி. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா ஸ்கேலை எடுத்து நாலு பக்கத்தையும் அளந்தார், கண்ணாடியையும் அளந்தார். இரண்டும் ஒன்றுதான்.

"பக்கமெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் அப்பா. "சட்டம்தான் சாஞ்சிட்டு."

சட்டத்தின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல ஓர் அழுத்து அழுத்தினார். கண்ணாடி டக்கென்று உள்ளே உட்கார்ந்தது. அம்மா விளக்கேற்றப் போய்விட்டாள். நான் அந்தச் சட்டத்தை விட்டு நகரவில்லை. நாலு பக்கமும் சரியான நீளம், எதிர்ப் பக்கங்கள் இணை, இருந்தும் அது செவ்வகம் இல்லை! நான் கோர்ட்டில் இணையை மூன்று தடவை அளந்தேன், செங்குத்தை ஒரு தடவையாவது அளந்தேனா? வாசற்படிக்கு மதில் செங்குத்தாக இருக்கும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? அந்தக் காலனி, பிரிவினையில் எல்லையைத் தாண்டி வந்த ஜனங்கள் கிடைத்த துண்டு நிலத்தில் அவரவர் போட்டுக்கொண்ட வீடுகள். மனை எப்படிப் போயிற்றோ அப்படி மதில் போயிற்று. செங்கோணம் பார்க்க அன்று யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

மறுநாள் விடிந்ததும் அம்மாவின் கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடினேன். ஒரு நுனியை ஒரு மூலையில் செங்கல்லால் அழுத்திவைத்துவிட்டு, எதிர் மூலைவரை இழுத்து அங்கே ஒரு முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை மற்ற இரண்டு மூலைகளுக்கு நடுவில் இழுத்தேன். முடிச்சு மூலைக்கு வந்து சேரவில்லை. நாலு தடவை இழுத்துப் பார்த்தேன். இரண்டரை அடி குறைந்தது குறைந்ததுதான். கோர்ட் மொத்தமும் அந்த முருகன் படச் சட்டம் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, அதில்தான் நாங்கள் ஒரு மாதமாகக் குதித்துக்கொண்டிருந்தோம். மேலே மாடியிலிருந்து அம்மா, "ஏட்டி, கொடியக் காணலியே, நீயா எடுத்துட்டுப் போன?" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே டுக்குன்தாவிடம் போய்ச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் இருந்தது, கோடுகளை அழித்துத் திரும்பப் போட்டிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் மறுபடி "எங்கேயாவது" நிற்கிற இடத்துக்குப் போய்விடுவேன் என்று பயம். யார் டேப்பை எடுத்து அளந்தாலும் நாற்பத்து நான்கும் இருபதும்தான் வரப்போகிறது, கண்டுபிடிக்க முடியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பன்னிரண்டு வயதுத் திருட்டுப் புத்தி அது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். கேப்டன் ராணா, ஒல்லியாக, நெட்டையாக, மட்டையை வீசினால் காற்று அலறும். முதல் ஆட்டம் அவனும் டுக்குன்தாவும். ராணா ஓரக்கோட்டை ஒட்டி நேராக அடித்த ஒவ்வோர் இறகுப்பந்தும் வெளியே போய் விழுந்தது. எங்கள் ஆட்களுக்கோ ஒரு மாதப் பழக்கத்தில், எந்தப் பக்கம் நின்றாலும் இடதுபுறமாகக் கொஞ்சம் ஒதுக்கி அடிக்கத் தானாகவே கை வந்திருந்தது. பதினைந்துக்கு நாலு என்று டுக்குன்தா ஜெயித்தான். தெரு கூத்தாடியது.

ராணா மட்டையைக் கீழே போட்டான். "இந்தக் கோர்ட்டுல ஏதோ இருக்கு. நான் நேராத்தான் அடிக்கிறேன்."

"என்னைக் கேட்காதே, கோட்டைக் கேளு," என்றார் ஜேட்டு.

டேப் வந்தது. அவர்களே பிடித்து அளந்தார்கள். நாற்பத்து நான்கு. எதிர்ப் பக்கம், நாற்பத்து நான்கு. இருபது. இருபது. ராணாவின் முகம் சுருங்கிப் போயிற்று. "கோடு போட்டது யாரு தெரியுமா? எங்க மாட்ராஜி வீட்டுப் பெண்!" என்று டுக்குன்தா என்னைக் காட்டினான். ஐம்பது பேர் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். ராணா குனிந்து மட்டையை எடுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க ஜேட்டு, தப்பு என் கையிலதான்," என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. அவன் கையில் ஒரு தப்பும் இல்லையே!

"கோனாகுனி மாபோ," என்றேன். மூலைக்கு மூலை அளந்து பாருங்கள் என்று அர்த்தம். குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். மிட்டு என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். டேப் குறுக்காகப் போயிற்று. ஒரு மூலைவிட்டம் நாற்பத்தொன்பதரை அடி. இன்னொன்று நாற்பத்தேழு. ஜேட்டு குல்லாவைக் கழற்றிவிட்டு அந்த டேப்பை இரண்டு தடவை தானே குனிந்து பார்த்தார். எனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமையிலிருந்தே தெரியும், சொல்லப் பயமாக இருந்தது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வங்காள மொழியிலும் தமிழிலும் கலந்து கொட்டிவிட்டு அழ ஆரம்பித்தேன். அழுகையில் எந்த மொழி என்று யாரும் கேட்கவில்லை.

"அழுகை அப்புறம்," என்றான் ராணா. "எப்படி நேராக்குறதுன்னு சொல்லு."

அதையும் இரண்டு ராத்திரி யோசித்து வைத்திருந்தேன். மதிலோரத்துக் கோட்டை அப்படியே விட்டுவிட வேண்டியது. அகலக் கோடுகளை, நடுவில் வலையையும் சேர்த்து, இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாகிற வரைக்கும் திருப்ப வேண்டியது. அவ்வளவுதான். துடைப்பத்தாலும் சாக்காலும் பழைய கோட்டை அழித்தார்கள். ஒரு மூலையில் ராணா, ஒரு மூலையில் டுக்குன்தா, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்", "போதும் போதும்" என்று நகர்ந்தார்கள். இரண்டு மூலைவிட்டமும் நாற்பத்தெட்டடி நாலங்குலத்தில் வந்து நின்றபோது இரண்டு பாடாவும் சேர்ந்து ஓ என்று கத்தின. ஒரு சிக்கல்தான். இடது பக்கத்து மூலை ஒன்றரை அடி பின்னால் தள்ளிப் போய், சாக்கடைப் பலகை மேல், எங்கள் வீட்டு வாசலில், அன்று காலை போட்ட கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. கோர்ட்டை முன்னால் நகர்த்தலாம் என்றால் அந்தப் பக்கம் யாரோ கொட்டி வைத்த செங்கல் குவியல். எல்லாரும் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார்கள்.

"அதுக்கென்ன, போடுங்க," என்றாள் அம்மா தமிழிலேயே. "அந்த மூலைய விட்டுட்டு நான் போட்டுக்கிடுதேன்."

ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? எங்கள் ஆட்கள் அடித்த பந்தெல்லாம் இடதுபுறம் வெளியே விழுந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, எல்லாமே. ஒரு மாதமாகச் சாய்ந்த கோர்ட்டில் பழகி எங்கள் பாடாவின் மொத்தக் கையும் சாய்ந்துவிட்டிருந்தது. டுக்குன்தா பல்லைக் கடித்துக்கொண்டு நேராக அடிப்பான், அது மதிலேறித் தாவாத குறையாக ஓடும். மிட்டுவும் நானும் ஒரு பாயின்டுகூட எடுக்காமல் ஓர் ஆட்டம் தோற்றோம். நாலாவது ஆட்டத்துக்குள் ராணாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவனைப் பார்த்து ஜேட்டுவுக்கு, ஜேட்டுவைப் பார்த்து தெருவுக்கு. கடைசியில் டுக்குன்தாவே வலையில் தொங்கிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

சிங்காடாவும் சந்தேஷும் வந்தன. நான் எங்கள் படியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். டுக்குன்தா தட்டை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"ஏய் பாங்கா! இங்க வா, ஆறிடப்போகுது!"

பாங்கா என்றால் கோணல். ஒரு விநாடி எனக்குப் புரியவில்லை. மிட்டு, "பாங்கா, வாயேன்டி," என்றாள். ஜேட்டு, "அந்தப் பாங்காவுக்குப் பெரிசா ஒரு சந்தேஷ் கொடுங்கப்பா," என்றார். யாரும் யோசித்து வைக்கவில்லை, யாரும் சொல்லிக்கொள்ளவும் இல்லை, அது பாட்டுக்கு என் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு ஒரு டாக்நாம்! வாயில் சந்தேஷோடு வீட்டுக்குள் ஓடி அம்மாவிடம் சொன்னேன். "கோணல்னா பேரு வச்சிருக்காவ? உனக்கு அதுல சிரிப்பாணி வேறயா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று அந்தத் தெருவில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் இருந்திருக்க முடியாது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது, அம்மா அந்தச் சுண்ணாம்பு மூலையை அப்படியே விட்டு, அதையே ஓர் இதழின் நுனியாக வைத்துச் சுற்றிக் கோலம் போட்டிருந்தாள். அந்தக் குளிர்காலம் முடிகிற வரைக்கும் தினமும் அப்படித்தான் போட்டாள்.

அப்புறம் அப்பாவுக்கு மாற்றல் வந்தது, நாங்கள் போனோம். போன டிசம்பரில் ஒரு வேலையாகக் கல்கத்தா போனவள், மெட்ரோவில் டாலிகஞ்சில் இறங்கி, கால் போன போக்கில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். மனை இல்லை. அந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு, கீழே வரிசையாக ஸ்கூட்டர்கள். சாக்கடை பூமிக்குள் போய்விட்டது. ஜேட்டு இல்லை, மதில் இருக்கிறது. டுக்குன்தா பெங்களூரில் இருக்கிறானாம், முழங்கால் வலியாம். பிள்ளைகள் இப்போது மணிக்கு இவ்வளவு என்று கோர்ட்டை வாடகைக்கு எடுத்து, கூரைக்குள், பச்சைப் பாய் விரித்த தரையில் விளையாடுகிறார்கள். கோடுகள் அதிலேயே அச்சாகி வந்துவிடுகின்றன. சூன் வாளி யாருக்கும் தேவையில்லை.

மிட்டு அந்தக் குடியிருப்பின் முதல் மாடியில் இருக்கிறாள். கதவைத் திறந்த அவள் மகள், நான் அவள் அம்மாவின் பழைய தமிழ்ச் சிநேகிதி என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மா, பாங்கா மாஷி வந்திருக்காங்க!" என்று உள்ளே கத்தினாள். மாஷி என்றால் சித்தி. பார்த்தே இராத பெண், பெயரைக் கதையாகக் கேட்டு வளர்ந்திருக்கிறாள்.

தேநீர் குடித்துக்கொண்டே தரையைப் பார்த்தேன். டைல்ஸ் வரிசை ஒரு சுவரோரம் முழுசாகத் தொடங்கி, போகப் போக ஒடுங்கி, அந்தக் கோடியில் ஒரு சீவலாக முடிந்திருந்தது. அலமாரியை மூலையில் சுவரோடு ஒட்டி வைத்தால் ஒரு பக்கம் கை நுழைகிற இடைவெளி. "வந்த நாள்லேர்ந்து இப்படித்தான்," என்றாள் மிட்டு. "கட்டில் போட்டாலும் கோணலா நிக்குது. அறை அளவெல்லாம் சரியாத்தான் இருக்குங்கறாங்க." நான் டேப் கேட்டேன். பன்னிரண்டடி, பன்னிரண்டடி. பத்து, பத்து. அப்புறம் இருவரும் தரையில் உட்கார்ந்து மூலைக்கு மூலை பிடித்தோம். ஓர் அடி வித்தியாசம். கட்டினவனும் ஒரு பக்கம் தெருவைப் பார்த்திருக்கிறான், இன்னொரு பக்கம் ஜேட்டு வீட்டு மதிலைப் பார்த்திருக்கிறான்.

மிட்டு டேப்பைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த மேஸ்திரியைக் கண்டுபிடிச்சு உன் பேரை அவனுக்கு வச்சுடணும்," என்றாள்.

"வேற ஏதாவது வச்சுக்கோ," என்றேன். "அது என் பேரு. தர மாட்டேன்."